கீழ் வீடு சம்பாதித்த காலம்

தன் சொந்த வீட்டு வாசலில் நின்று, அழைப்புமணியை அழுத்திவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்து, யாராவது கதவைத் திறப்பார்களா என்று என் மைனி காத்திருந்த காலைப்பொழுது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மைனி என்றால் என் அண்ணன் மனைவி. குருவி கத்துவதுபோல் ஒலிக்கும் அந்த மணியைக் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். அதை அடித்துவிட்டு அந்நிய வீட்டுக்கு வந்தவள்போல் ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

அண்ணன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு மாற்றி மாற்றியே மைனிக்கு அலுத்துவிட்டது. பாளையங்கோட்டைக்கு வெளியே வங்கிக் கடனில் அந்த வீட்டைக் கட்டி முடித்தபோது, இனிமேல் சட்டி பானையைக் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். குடிபோன சில மாதங்களிலேயே ஆறு கரைமீறி ஊருக்குள் வந்தது. ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்று, தரையும் வயரிங்கும் வீணாகின. கடன் வாங்கும்போது வேண்டா வெறுப்பாகச் சேர்ந்த காப்பீடுதான் அப்போது கைகொடுத்தது. கேட்டதைவிடக் குறைவு, அதுவும் நடையாய் நடந்த பிறகு. ஆனாலும் தரையைப் போட்டுவிட முடிந்தது.

அந்த ஈரம் காய்ந்து கொஞ்ச காலத்தில் அண்ணன் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தான். அதற்கிடையில் வட்டியும் ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. நகையை அடகு வைக்கலாம் என்றாள் அம்மா. அண்ணனோ ஒரேயடியாக, "வித்துட்டு நிம்மதியா இருப்போம்" என்றான். மைனி சோறு பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"விக்கவெல்லாம் வேண்டாம். நாம மாடி ரூமுக்குப் போயிருவோம். கொஞ்ச நாளைக்குக் கீழ் வீடு சம்பாதிக்கட்டும்."

மாடி அறை என்பது துணி காயப்போடவும் தட்டுமுட்டுச் சாமான் வைக்கவும் எழுப்பிய ஒற்றை அறை. மேலே தகரம். பங்குனி வெயிலில் அதற்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது போலத்தான். 

மறுநாள் மைனி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. வங்கியில் பேசத் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பேசியதெல்லாம் அவள்தான். மாதத் தவணையைக் குறைத்து, ஆண்டுகளைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டாள். மேலாளர் நல்ல மனிதர். "முடியும்மா. ஆனா மொத்தத்துல வட்டி கூடிரும், யோசிச்சுக்கோங்க" என்றார்.

"கூடட்டும் சார். அது பின்னால வாரது. இப்பம் மூச்சு விடணும்லா" என்றாள் மைனி.

கீழ் வீட்டுக்கு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் குடிவந்தது. வயதான தம்பதியும், துணிக்கடையில் வேலை பார்க்கும் மகளும். அந்த அம்மாளை நாங்கள் எஸ்டேட் அக்கா என்போம். தேயிலை கிள்ளியே ஆயுளைக் கழித்தவர். தோட்டத்தில் கம்பெனி கொடுத்த லைன் வீட்டைத் தவிர வேறு வீடு அறியாதவர். ஆணி அடிக்கலாமா, கோலம் போடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் மாடியேறி வந்து கேட்பார். மைனிக்கோ கீழே போகவே தயக்கம். ஒரே வீட்டைப் பார்த்து இரண்டு பெண்களும் கூச்சப்பட்டார்கள்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு மைனி மணியடித்தது அப்போதுதான். கதவைத் திறந்த எஸ்டேட் அக்கா பதறிவிட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்கு நீங்களே மணி அடிக்கியளா?"

"வாடகை குடுக்கிறது நீங்கள்லாக்கா. இப்பம் இது உங்க வீடுதான்."

சொன்னாளே தவிர, அன்று மாடியில் துணி பிழிந்துகொண்டே என்னிடம், "ஏட்டி, அடுக்களைக் கிழக்கு ஜன்னல்ல காலம்பற வெயில் வந்து விழும் பாத்தியா. வேற ஒண்ணும் இல்ல, அதைத்தான் மனசு தேடுது" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நான் அதை எஸ்டேட் அக்காவின் காதில் போட்டுவைத்தேன். அடுத்த நாளிலிருந்து அவர் மைனியைக் காலையில் தேநீர் குடிக்கக் கீழே கூப்பிட ஆரம்பித்தார். அவர் போடும் தேநீருக்கு ஈடு கிடையாது. இருவரும் அந்த ஜன்னலடியில் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணன் முதலில் தெருவில் தலைகாட்டவே வெட்கப்பட்டான். பிறகு சின்னச் சின்ன வயரிங் வேலைகளுக்குப் போகத் தொடங்கினான். காப்பீட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, "ஆத்துல மணல்தான் கெடக்கு. இந்த வருசம் இதை விட்டுருவோமே" என்றான்.

"போன தடவையும் மழைக்கு முன்னால இப்பிடித்தான் சொன்னிய" என்றாள் மைனி.  தீபாவளிக்குப் புதுத்துணியைத் தள்ளிவைத்துப் பிரீமியம் கட்டினார்கள். அந்த ஆண்டு வெள்ளம் வரவில்லை. வீணாய்ப் போயிற்றே என்று மைனி ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று அண்ணனுக்கு ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் நிரந்தர வேலை. மைனி குடும்பம் கீழ் வீட்டுக்கு இறங்கிவிட்டது. கடன் இன்னும் நெடுநாள் இருக்கிறது. ஆனால் தவணைத் தேதி நெருங்கினால் வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை.

எஸ்டேட் அக்கா குடும்பம் காலிசெய்துகொண்டு போனது வேறு வாடகை வீட்டுக்கல்ல. தோட்டத்தில் கணக்கு முடித்துக் கிடைத்த பணத்தோடு மகள் பெயரில் கடனும் வாங்கி, முக்கூடல் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நானும் மைனியும் போயிருந்தோம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எஸ்டேட் அக்கா புதுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். திடீரென்று மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியெல்லாம் இதே யோசனதாம்மா. மாசா மாசம் டியூவ ஒழுங்காக் கட்டிருவோமா?" என்றார்.

"கட்டிருவிய. முடியாட்டா மாடியில ஒரு ரூமைப் போட்டு ஏறிருங்க. கீழ் வீட்டுக்கு நான் வாடகைக்கு வாரேன்" என்றாள் மைனி.

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பால் பொங்கி வழிந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.