முள் நழுவாத வைஸ்

அவசரப் பிரிவில் அவரை எல்லோரும் ‘தையல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, அவர் வெளியே தையல் கடை வைத்திருப்பதாக நினைத்துக் கிழிந்த கோட்டைக் கொண்டுவந்து கொடுத்த கதை ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். அவர் தைத்ததெல்லாம் மனிதத் தோல். பாட்டில் கிழித்த தலை, பெல்ட் பக்கிள் பிளந்த முதுகு, கூடப் பிறந்தவனே கத்தியால் கீறிய கன்னம். டாக்டர் பார்த்துவிட்டுப் போவார். ஊசி பிடிப்பது இவர். பாதித் தையலில் இருக்கும்போதே, தன்னை அடித்தவன் பக்கத்துக் கட்டிலில் கிடப்பதைக் கண்டு எழுந்து பாய்ந்தவர்களும் உண்டு. நெற்றியில் ஊசி தொங்க நிற்கிறவனை மடக்கிப் படுக்கவைத்து, “மிச்சத்தையும் முடிச்சிடறேன், அப்புறம் போய் ஆசை தீர அடிச்சுக்க” என்பார்.

வீட்டுக்கு வந்தால் சமையலறை ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் உட்கார்ந்து தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி கட்டுவார். தண்ணீரில் விழுந்தால் மீன் அதை நிஜ ஈ என்று நம்பிக் கவ்வ வேண்டும். கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்க மேசை விளிம்பில் ஒரு மலிவான வைஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குப் போவார். அவர் மனைவி பஸ் கண்டக்டர். நெரிசலில் பெண்களை இடித்தவனை ஓடும் பஸ்ஸிலேயே அறைந்து, அடுத்த நிறுத்தத்தில் உதைத்து இறக்கிவிட்டவள். “அங்க மனுசத் தோலு, இங்க கோழி இறகு. உங்க கை சும்மாவே இருக்காதா?” என்று கேட்பாள். ஆனால் அவர் கட்டிய பூச்சிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் அவள்தான்.

அன்று மத்தியானம் வயிற்றில் கத்திக்குத்தோடு ஒரு இளைஞனைத் தூக்கி வந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. இளம் டாக்டர் வெளியே போய், “எக்ஸ்பயர்டு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். செத்தவனின் அண்ணன் காய்கறிச் சந்தையில் பெட்டி தூக்குகிறவன். அந்த வார்த்தை அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவனும் கூட வந்த ஏழெட்டுப் பேரும் கதவை மோதித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மருந்து அலமாரி சாய்ந்தது. டாக்டர் ஓடிப்போய் எக்ஸ்ரே அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தையல் மட்டும் நகரவில்லை. ஒரு சிறுமியின் புருவத்தில் அவருடைய ஊசி பாதியில் இருந்தது.

“என் தம்பிய கொன்னுட்டு இங்க தைச்சுட்டு இருக்கியாடா?” என்று முடியைப் பிடித்து இழுத்தான் அவன். ஒருவன் சலைன் கம்பியால் முதுகில் அடித்தான். தரையில் விழுந்தவரைக் காலைப் பிடித்து வாசல்வரை தரதரவென்று இழுத்தார்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று அவர் இடது கையால் கதவு நிலையைப் பற்றினார். அண்ணன்காரன் அந்த இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அவன் கதவைத் திறந்தான், குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் சாத்தினான்.

மூன்று விரல்கள் போயின. வெட்டி எடுக்கவில்லை; இருக்கின்றன, மடங்காது, உணர்ச்சியும் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிழைத்தன. காயத்தைச் சேர்த்துப் பிடிக்க இடது கை வேண்டும், இனித் தையல் போட முடியாது என்று எலும்பு டாக்டர் சொன்னார். போலீஸ் வழக்குப் பதிந்தது. அண்ணன்காரன் கொஞ்ச நாளில் ஜாமீனில் வெளியே வந்தான்.

வீட்டில் இருந்த அந்த மாதங்களில் தையலுக்கு ஒரே நினைப்பு. அவனுடைய தலையை அதே கதவில் வைத்துச் சாத்துவது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மனதுக்குள் சாத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் மறக்கலாம் என்று மேசையில் உட்கார்ந்தார். பழைய வைஸில் முள் அசையாமல் நிற்கும். இறகைத்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். இடது கை வாங்கவில்லை. இறகு நழுவியது. வெறியோடு நூலை இழுத்தார். வைஸின் தேய்ந்த வாயிலிருந்து முள் துள்ளியது. எங்கே போயிற்று என்று மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தபோது தரையில் ரத்தத்தைப் பார்த்தார். முள் அவருடைய நடுவிரலில் எலும்புவரை இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

வைஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். சுவர் பெயர்ந்தது. மறுபடியும் அடித்தார். ஜன்னல் கண்ணாடி போனது. குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்த மனைவி அவர் கையைப் பார்த்துவிட்டு, “வலிக்குதாங்க?” என்றாள்.

“வலிக்கலடி!” என்று கத்தினார். “வலிக்கவே இல்ல!”

 அவள் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, முள்ளின் நுனியை மறுபக்கம் தள்ளி, அதிலிருந்த எதிர்க்கொக்கியை வெட்டிவிட்டு முள்ளை வெளியே எடுத்தாள். சனிக்கிழமை விடுப்புப் போட்டு அவரை ஸ்கூட்டரில் ஏற்றித் தூண்டில் கடைக்கு இழுத்துப் போனாள்.

“சுத்துற வைஸ் இருக்காமே, அதைக் காட்டுங்க” என்றாள். கைப்பிடியைத் திருப்பினால் முள் தானாகச் சுழலும் வகை அது. வலது கை இறகைப் பிடித்துக்கொண்டால் போதும். இடது கையில் மிச்சமிருக்கும் இரண்டு விரல் கைப்பிடியைத் திருப்பிவிடும்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்து, “எல்லாமே நல்ல அயிட்டம்தான் சார்” என்றார். முதலாவது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. தையல் முள்ளை மாட்டிச் சுற்றினார். முள்ளின் தண்டு ஒரே நேர்கோட்டில் நின்று சுழலாமல், குடித்தவன் மாதிரி வட்டம் போட்டது. “இதுல கட்டினா மீனுக்கே தலை சுத்தும்” என்று அவள் தள்ளிவைத்தாள். இரண்டாவது சரியாகச் சுழன்றது. ஆனால் அது மேசை விளிம்பில் திருகி மாட்டுவது. திருகவே இரண்டு நல்ல கை வேண்டும். மூன்றாவதற்குக் கனமான இரும்பு அடித்தட்டு. எங்கே வைத்தாலும் நிற்கும். பக்கத்துத் திருகை முறுக்கினால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது. மிகச் சின்ன முள்ளை மாட்டி இழுத்துப் பார்த்தார், நழுவவில்லை. பெரிய முள்ளை மாட்டி உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். முள் வளைந்தது. வாய் விடவில்லை.

“இது” என்றார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. சந்தை அடுத்த தெருவில்தான். அண்ணன்காரன் தலையில் சும்மாடோடு நின்றான்.

“சார், ஒரு நிமிஷம். கேஸ வாபஸ் வாங்கிக்கங்க சார். தம்பி பிள்ளைங்களையும் நான்தான் பாக்கணும். அன்னிக்குக் கண்ணு மண்ணு தெரியல.”

தையலின் வலது கை வைஸின் கழுத்தை இறுக்கியது. அடித்தட்டு மேசையை விட்டு எழும்பியது. கடைக்காரர் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஆனால் முதலில் பாய்ந்தது தையல் இல்லை. மனைவி கையிலிருந்த ஹெல்மெட்டால் அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. அவன் கையை ஓங்கவில்லை.

“அடிங்கக்கா” என்றான், ரத்தத்தைத் துடைக்காமல்.

“அக்காவா? எவடா உனக்கு அக்கா?” மறுபடியும் அடித்தாள். அவன் மண்டியிட்டான். தோளில், முதுகில், காதில் அடித்தாள். அவன் பல் ஒன்று கடைக்காரரின் கண்ணாடி மேசையடியில் வந்து விழுந்தது. தையலுக்குத் தன் மனதுக்குள் இத்தனை மாதம் நடந்துகொண்டிருந்தது இப்போது கண்ணெதிரில் நடந்தது. அதில் ஒரு இனிப்பு இருந்தது. அந்த இனிப்பைக் கண்டு பயந்துபோய்த்தான் அவர் வைஸைக் கீழே வைத்துவிட்டு அவளை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தார்.

அவள் மூச்சு வாங்க, முடியைச் சேர்த்து முடிந்துகொண்டு, “அந்த மூணாவத பேக் பண்ணுங்க” என்றாள். அவள் பேரம் பேசாமலே கடைக்காரர் விலையைக் குறைத்தார்.

அவன் தரப்பு வக்கீலுக்கு அது அல்வா மாதிரி. இவள்மேல் எதிர் வழக்குப் போட்டார்; பஸ் கம்பெனி சஸ்பெண்ட் செய்தது. இரண்டு பேரும் வாபஸ் வாங்கிக்கொண்டால் முடிந்தது என்று சொல்லியனுப்பினார். தையல் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார்.

“உன் வேலை முக்கியம்மா. போகட்டும் விடு.”

“நான் அடிச்சதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உங்க விரலுக்கு அவன் பதில் சொல்லணும். வாபஸ் வாங்கினீங்கன்னா அடுத்த அடி உங்களுக்குத்தான், சொல்லிட்டேன்.”

கோர்ட்டில் அவன் வக்கீல், தம்பி செத்த வெறியில் செய்தது, தெரிந்து செய்ததில்லை என்று வாதாடினார். சாட்சிக் கூண்டில் தையல் சொன்னது கொஞ்சம்தான். “முதல் தடவை சாத்தினது வெறியில. நான் ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் கதவைத் திறந்து என் மூஞ்சியப் பார்த்தாரு. நான் வேணாம்னு தலைய ஆட்டினேன். அதையும் பார்த்தாரு. பார்த்துட்டுத்தான் சாத்தினாரு.” கூண்டுக்கு எதிரே நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குச் சிறை கிடைத்தது. இவளுக்கு அபராதமும், வேலைக்குத் திரும்ப மேலும் சில மாதத் தாமதமும். அந்தத் தீர்ப்பையும் அவள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அவரைச் சீட்டுப் பதியும் ஜன்னலில் உட்காரவைத்தது. சாயங்காலங்களில் புது வைஸைத் திருப்பித் திருப்பி, இரண்டு விரலால் பழகினார். முதலில் இறகு கோணல்மாணலாக ஏறியது. பிறகு வரிசையாக, நெருக்கமாக ஏறத் தொடங்கியது.

அப்படிக் கட்டியதை எடுத்துக்கொண்டு இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். நல்ல பெரிய மீன் கவ்வியது. கரைக்கு இழுத்து, துடிக்கவிடாமல் தலையில் ஒரு கல்லால் ஒரே போடு போடுவது அவர் வழக்கம். போட்டார். மீன் அடங்கியது. மறுபடியும் போட்டார். மறுபடியும். தலை கூழாகி, செதில் அவர் சட்டையெல்லாம் தெறித்து, கல் கல்லோடு மோதும் சத்தம் கேட்ட பிறகும் கை நிற்கவில்லை.

“செத்துடுச்சுங்க” என்றாள் அவள். அவருக்குக் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக் கல்லைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். அவர் ஈர மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த செதில்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.

அடுத்த வாரம் தூண்டிலை அவளே எடுத்து வாசலில் வைத்தாள். “நீங்க பிடிங்க, போதும். அடிக்கிறத நான் பாத்துக்கறேன்” என்றாள். இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். மீன் கரைக்கு வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.