கணவரிடம் மறைத்த காய்ச்சல்

பெரியகல்லாற்றில் நான் குடும்பநல மருத்துவிச்சியாக இருந்தபோது கொரோனாத் தடுப்பூசி வந்தது. சுகாதார ஊழியர்களுக்குத்தான் முதலில் போட்டார்கள். காலையில் போட்டுக்கொண்டு வந்த எனக்கு மத்தியானமே குளிர்காய்ச்சல். கையைத் தூக்க முடியவில்லை.

என் கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கமாட்டார்களாம் என்று தோணியடியில் யாரோ சொன்னதைக் கேட்டு, தனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். என் காய்ச்சலைக் கண்டால் இன்னும் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். வெயிலில் அலைந்த களைப்பு என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவரும் நம்பித் தேநீர் ஊற்றித் தந்தார்.

மூன்றாம் நாள், என்னோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி படிவங்கள் எடுக்க வந்தாள். வாசலில் நின்றபடியே, "ஊசிக் காய்ச்சல் விட்டிட்டா அக்கா?" என்று கேட்டாள். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவர், அவள் போனதும் எழுந்து வந்தார்.

"உனக்குக் காய்ச்சலா வந்த?"

"ஓம். நீங்க பயந்திருவீங்க என்டு சொல்லல்ல."

"எனக்கே ஒளிச்சா, ஊராக்களுக்கு என்னத்தச் சொல்லப் போறாய்? நீ ஒளிச்சதுதான் இப்ப பயமாக் கிடக்கு."

அவர் சொன்னது சரி. வீடு வீடாகப் போய் ஊசிக்குப் பேர் பதியும்போது, ஒன்றும் செய்யாது, ஒன்றும் செய்யாது என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் முதல் மாற்றிச் சொன்னேன். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, கை நொந்தது, பிறகு சுகமாகிவிட்டது என்றேன். அதற்கு முன் இரண்டு முறை என்னை வாசற் படலையோடு திருப்பி அனுப்பிய ஒரு தாய், அன்று உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். "காய்ச்சலோட சமைக்க ஏலுமா மிஸ்?" என்று கேட்டாள்.

"முதல் நாள் ஏலாது. ஆரையாவது உதவிக்கு வரச்சொல்லுங்க."

"அப்ப தங்கச்சியக் கூப்பிட்டு வைக்கிறன். என்ட பேரையும் எழுதுங்க," என்றாள். சில வீடுகளில் அப்போதும் மறுத்தார்கள். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு மறுத்தார்கள். அவர்களிடம் மீண்டும் போகலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊருக்கு ஊசி போட்ட நாளில் நான் பாடசாலை மண்டபத்தில் தடுப்பூசி அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வெளுத்த சாரன் கட்டியபடி என் கணவர் வரிசையில் நிற்கிறார். வருவதாக வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. அட்டையை எழுதிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் அவருக்கும் காய்ச்சல் வந்தது. மறுநாள் மத்தியானம் விட்டுவிட்டது. இறால் கறியோடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு மரநிழலில் நித்திரையானார். நான் பையை எடுத்துக்கொண்டு ஊசி போடாத மிச்ச வீடுகளுக்குப் புறப்பட்டேன்.