மொட்டைக்குக் காரணம் கேட்காத ஊர்

மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கிறது என்று நாங்கள் சந்தேகப்படும் ஒரு மரபணு, எங்கள் ஆய்வில் சேர்ந்திருக்கும் நோயாளி கௌரி அக்காவுக்குப் பழுதாகியிருக்கிறது. அவர் அம்மாவும் இதே நோயில்தான் போனார். தங்கை மீனாவுக்கும் அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்க அவள் ரத்தம் வேண்டும். அதற்காகத்தான் போன சனிக்கிழமை திருத்தணிக்குப் போனேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரக்கோணத்தில் கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைக்கும்.

"மலைக்குத்தான மேடம்? மொட்டையா, காவடியா?" என்றார் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்.

"ரெண்டும் இல்ல. ஆர்.கே.பேட்டை பஸ் புடிக்கணும்."

"முருகன் கோச்சிக்கப் போறாரு."

பேட்டைக்கு முன்பே ஒரு விசைத்தறி ஊரில் இறங்கினேன். கௌரி அக்கா வாசலில் நின்றிருந்தார். கீமோவில் முடி கொட்டிய தலையில் சந்தனம் பூசியிருந்தார். எதிர்வீட்டு அம்மா என்னிடம் சிரித்தார்: "மொளைக்கவே வுடமாட்டா. மொட்ட மேல மொட்ட போட்டுக்கினே கீறா. முருகனே போதும்மான்னு சொல்லப்போறாரு."

அக்காவும் சிரித்தார். உள்ளே போனதும் குரல் மாறியது.

"வூட்டுக்காரரத் தவிர யாருக்கும் தெரியாதுங்க. மீனாவுக்கும் தெரியாது. தை மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்ள அத்த புள்ளதான், ஆனா தெரிஞ்சா அவங்களே வுட்ருவாங்க. சக்கர டெஸ்ட்டுன்னு சொல்லி எடுத்துக்குங்களேன்."

"முடியாதுக்கா. எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

மீனா தறியிலிருந்து வந்தாள். புருவமெல்லாம் பஞ்சுத் தூசி. "யாருக்கா இவங்க?"

அக்கா கதவைச் சாத்தினார். பிறகு தங்கையின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு பக்கம் இல்லை. "இந்த மொட்ட முருகனுக்கு இல்லடி."

நான் வெளியே போய் நின்றேன். மீனா வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கும் வருமா?"

"அந்த மரபணுதான் காரணமான்னே எங்களுக்கு இன்னும் உறுதியாத் தெரியாது. ஆனா அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்திருக்கு. ரிசல்ட் எதுவானாலும் நீங்க டாக்டர்கிட்ட காட்டிக்கணும்."

"இன்னிக்கு ரத்தம் வேணாம். கட்டிக்கப்போற பாவாகிட்ட நானே சொல்லிடறேன். அவரு கட்டிக்கினாலும் சரி, வேணான்னாலும் சரி, சென்னைக்கு வந்து குடுக்குறேன்."

ரத்தம் கொண்டுவர எடுத்துப்போன ஐஸ் பெட்டி காலியாகவே திரும்பியது. இதை எழுதும்வரை அவள் வரவில்லை.

போகிறவர்களுக்கு: பேட்டைப் பக்கம் பேருந்துகள் கூட்டமாக வரும், காலையிலேயே கிளம்புங்கள். உங்கள் வீட்டில் ஒருத்திக்கு இந்த நோய் வந்திருந்தால் மற்ற பெண்களிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணம் நின்றாலும் உயிர் மிஞ்சும். என்னைப் போல ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: இந்த மாதிரி வீடுகளில் பொய் சொல்லி ரத்தம் எடுப்பது மிக எளிது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதனாலேயே செய்யாதீர்கள்.