பஸ் படத்துக்கு ஆட்டுக்குட்டியின் குரல்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஐப்பசி மாதம். கொல்லிமலையில், பைல் நாடு என்னும் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். சேந்தமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி, சாயங்காலம் இறங்கிவிடுவேன். அந்த மாதம் முழுக்க மழையும் மூட்டமுமாக, வகுப்பில் பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது.

மலைக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கண்காட்சி நடத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் படமும் சத்தமும் சேர்த்துத் தயாரித்து, மேடையேறி விளக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பெண்கள் மூவரைச் சேர்த்தேன். ‘எங்கள் மலையின் சத்தங்கள்’ என்ற தலைப்பு அவர்கள் வைத்ததுதான். என் போனை வாங்கிப் போய், தகரக் கூரையில் விழும் மழை, வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன், மாவு மிஷின், ஆட்டுக்குட்டி என்று தேடித் தேடிப் பதிவு செய்து வந்தார்கள்.

மூவரில் ஒருத்தி நன்றாக வரைவாள். எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு கொஞ்சம் அடைத்தாற்போல வரும். கூச்சம் என்று நினைத்திருந்தோம். படங்களை அவளிடம் விட்டு, சத்தத்தை மற்ற இருவரிடமும் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் மழை கொட்டியதில் அந்த இருவரும் வரவில்லை. நாளும் நெருங்கிவிட்டதே என்று, சத்தங்களையும் இவளையே சேர்க்கச் சொன்னேன். பதிவுகளுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டால்தான் எது என்ன என்று தெரியும். அவள் தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள். சாயங்காலம் வகுப்பில் ஓடவிட்டோம்.

பஸ் படம் வந்தது. ஆட்டுக்குட்டி கத்தியது. மழைப் படத்துக்கு மாவு மிஷின் இரைந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உடனே சிரிக்கவில்லை. திரும்பி மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள், அதற்குப் பிறகு சிரித்தாள்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்தினேன். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, “மழை விட்டுருச்சா கண்ணு?” என்றேன். அவள் என் கண்ணையும் முந்தானையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கப்பாகிட்டச் சொல்லீராதீங்க டீச்சர். பள்ளிக்கூடம் வேண்டாம்னு நிறுத்திப்போடுவாரு.”

காது எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. உதட்டைப் பார்த்தே ஒவ்வொரு வகுப்பாகத் தாண்டி வந்திருக்கிறாள்.

சொல்லாமல் எப்படி இருப்பது? மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா மிளகுக் கொடிக்குத் தாங்கு கட்டிக்கொண்டிருந்தார். “அவளாங்க? சொன்னா ஒண்ணுங் கேக்கமாட்டாளுங்க. சரியான அழுத்தக்காரி. அதுக்குன்னே ஒதை வாங்குவா” என்றார் சிரித்துக்கொண்டே.

விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கயிறு அப்படியே நின்றுவிட்டது. “கூப்புட்டுந் திரும்பலீன்னு அடிச்சனுங்களே டீச்சர்” என்றார்.

நானும் அவளும் அப்பாவுமாகச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் நரம்பு கெட்டிருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு காதில் அறவே இல்லை. இன்னொன்றில் காது மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும், அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது. முன்பே கூட்டி வந்திருந்தால் இத்தனை வருடப் பாடத்தையாவது காதால் கேட்டிருப்பாள் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்திலிருந்த அப்பா மெதுவாக, “சாமி” என்று செல்லமாகக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க, “சாமி” என்றார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. மலை ஏறி முடியும் வரை அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார்.

கண்காட்சிக்கு முன் மிஷின் வந்து சேரவில்லை. வேறு யாரையாவது மேடையேற்றலாமா என்று கேட்டதற்கு, “நானே செய்யறனுங்க” என்றாள். சத்தங்களைத் தோழிகள் சரியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். மேடையில் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அதிர்வு நின்றதும் அடுத்த படத்தை நகர்த்தினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் கேட்காத மழையை அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. கடைசி வரிசையில் அப்பா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு மிஷின் வந்தது. “எல்லாம் ஒரே இரைச்சலா இருக்குதுங்க” என்று பாதி நாள் கழற்றிவிடுவாள். என் பணிக்காலம் முடிந்து நான் கீழே வந்துவிட்டேன். போன மாதம் அப்பா போன் செய்தார். இருந்த அந்தக் காதும் போய்விட்டதாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தவறாமல் போகிறாள் என்றார். அவளிடம் போனைக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

இப்போதும் வகுப்பில் தொந்தரவே தராமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. அந்த அமைதியைக் காப்பாற்ற அது தனியாக என்ன பாடுபடுகிறதோ என்ற பயம்தான் முதலில் வருகிறது.