ரோஸ் நிறக் கடல்: தங்கச்சிமடத்தில் ஸ்டெல்லாவின் கண்காட்சி

மாசி மாதம் எங்கள் தொழிலில் மந்தமான காலம். ஈரோட்டில் நானும் என் கணவரும் நைட்டி மொத்த வியாபாரம் செய்கிறோம் என்பது இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் ஓவியர் ஸ்டெல்லாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, இந்தத் தடவை கண்காட்சிய எங்க ஊர்லயே வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமையோட முடியுது. வாரீகளா?"

அவர் எனக்குப் பழக்கமானதே நைட்டியால்தான். சில வருடங்களுக்கு முன் கொச்சிக்குப் போயிருந்தபோது, மழைக்கு ஒதுங்கிய பழைய கிடங்கு ஒன்றில் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்க ஒரு கடல். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு அலையும் ஒரு நைட்டித் துணி! சாமந்திப்பூ அலை, மாங்காய் டிசைன் அலை, சிவப்புப் புள்ளி அலை. அதில் நாலைந்து டிசைன் எங்கள் கடையிலேயே கட்டுக்கட்டாக விற்றவை. சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதினேன். வரைந்தவரே வந்து கீழே பதில் போட்டிருந்தார். அன்றிலிருந்து பேசிக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஈரோட்டில் பஸ் ஏறினேன். மதுரையில் இறங்கி, மாட்டுத்தாவணிக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு இராமேஸ்வரம் பஸ். மதுரையிலிருந்து ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அரசுப் பேருந்தில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரயிலும் இருக்கிறது, ஆனால் எனக்கு பஸ் ஜன்னல்தான் பிடிக்கும்.

பரமக்குடி தாண்டியதும் வெயில் வெள்ளையாகிவிடுகிறது. இருபுறமும் கருவேலமும் பனையும். ஊர் வரும் இடங்களில் மட்டும் திடீரென்று நிறங்கள்: காதுகுத்து பேனர், கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர். இறந்தவர்கள்கூடக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மேகத்துக்கு நடுவே நின்றார்கள். பாதித் தூக்கத்தில் பார்க்கும்போது யார் மாப்பிள்ளை, யார் போய்ச் சேர்ந்தவர் என்றே குழம்பியது. ஸ்டெல்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய பாணி, கடைச் சாமான்களையும் விளம்பரங்களையும் பளீர் நிறத்தில் வரையும் 'பாப் ஆர்ட்', அமெரிக்காவிலிருந்து வந்தது என்பார்கள். அவர்கள் இந்த பஸ்ஸில் ஒரு தடவை வந்து இந்த பேனர்களைப் பார்க்கலாம்.

பாம்பன் பாலம் நெருங்கும்போது டிரைவரிடம் போய், நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்துவீர்களா என்று கேட்டேன்.

"பாலத்துல நிப்பாட்டக் கூடாதும்மா. மெதுவாப் போறேன், நல்லாப் பாத்துக்கங்க" என்றார். சொன்னபடியே உருட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் கடல் தட்டில் ஊற்றிய பால் போல அசையாமல் கிடந்தது. மறுபக்கம் சிறு சிறு அலைகள். தூரத்தில் தண்ணீரும் வானமும் ஒட்டிய கோடே தெரியவில்லை. படகுகள் ஆகாயத்தில் நிற்பது போல இருந்தன. தினமும் போகிறவர்கள்கூட ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

தங்கச்சிமடம் நிறுத்தத்தில் ஸ்டெல்லா ஸ்கூட்டரோடு நின்றார். நாற்பது வயது, ஒல்லி, கையெல்லாம் பெயின்ட். "லாட்ஜு எல்லாம் வேணாம், எங்க வீட்ல தங்குங்க" என்று கூட்டிப்போனார். வீட்டில் அவர் அம்மா அந்தோணியம்மாள் நண்டுக் குழம்பு வைத்திருந்தார். பாம்பனில் மீன் எடுத்து விற்கிறவர். பெரிய குரல், பெரிய சிரிப்பு. "சாப்புடு தாயி, அம்புட்டுத் தூரத்துல இருந்து இவ கிறுக்குறதப் பாக்கவா வந்த?" என்றார். நான் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

கண்காட்சி நடந்த இடம் கடற்கரை ஓரத்தில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் பிளான்ட். ஐந்து மணி வெயில் கூரை ஓட்டைகள் வழியாகக் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உப்பு வாசனை. தரை இன்னும் லேசாக ஜில்லென்றிருந்தது. வெளியே அலைச் சத்தம், உள்ளே சுவரெல்லாம் அலை. எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் நடந்தேன்.

ஸ்டெல்லாவின் இத்தனை வருடமும் அங்கே வரிசையாக மாட்டியிருந்தது. முதலில் மும்பையில் வைத்த பிளாஸ்டிக் குடங்கள். ஒரே குடம், பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வரிசை வரிசையாக, தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவை. அடுத்து டெல்லிக்குப் போன சீலா மீன்கள், சினிமா போஸ்டர் கதாநாயகர்கள் போல நெஞ்சை நிமிர்த்தி. ஜெர்மனியில் ஒரு நகரத்தில் மூன்று மாதம் தொங்கிவிட்டு வந்த மாதா, தலையைச் சுற்றிச் சீரியல் பல்பு. பிறகு அந்த நைட்டிக் கடல். அதன் முன்னால் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேர் நின்று, "இது எங்க மதினியோடது", "இது போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது" என்று அலைகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என் காதில், "எந்த ஊர்லயும் இப்பிடி ஒரு விமர்சனம் கெடைக்கலக்கா" என்றார்.

கடைசியில், ஐஸ் கட்டிகளை அடுக்கி வைத்திருந்த சின்ன அறை. தடித்த கதவு. உள்ளே ஒரே ஒரு படம், ஆள் உயரம்.

படத்தில் ஒரு மனிதர். கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை, சட்டையில் மேல் பட்டன் திறந்திருக்கிறது. பின்னால் பளீரென்று ரோஸ் நிறக் கடல், இரண்டு புறா, நட்சத்திரங்கள். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. தெருமுனை பேனர் போலவே, ஆனால் கையால், மயிரிழை மயிரிழையாக வரைந்தது. படத்தின் பெயர் 'அய்யா'. அந்தப் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஸ்டெல்லா வாசலிலேயே நின்று கதையைச் சொன்னார். அவர் பிளஸ் டூ படித்த வருஷம், அப்பா சூசை போன படகு காற்றில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். சூசை வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தோணியம்மாள் நினைவுப் பூசை வைக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, எங்கேயோ கரை ஒதுங்கியிருப்பார் என்று சொல்லிவிட்டு மறு வாரம் மீன் கூடையைத் தூக்கினார். யாரையும் போஸ்டர் ஒட்டவும் விடவில்லை.

"ஊர்ல செத்த எல்லாருக்கும் போஸ்டர் இருக்கு. எங்கய்யாவுக்கு ஒண்ணுகூட இல்ல. மெட்ராஸ்ல காலேஜ்ல படிக்கும்போது நானே வரைஞ்சேன். மொத மொதல்ல வெளியில வச்ச படம் அதான். ஒரு கண்காட்சியில மாடிப்படி ஓரமா எடம் குடுத்தாக. படத்தப் பேப்பர்ல போட்டுட்டாக. பெங்களூர்க்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. எனக்குப் பேரு வந்தது இதாலதான். அந்தப் பேப்பர யாரோ எங்கம்மாகிட்ட கொண்டாந்து காட்டிட்டாக."

அம்மா அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "நான் இன்னும் அழுவவே ஆரம்பிக்கல. நீ எப்பிடிடி அழுது முடிச்ச?"

அதன் பிறகு மகள் வீட்டுக்கு வருவாள், அம்மா சமைத்துப் போடுவார், இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். அந்தப் படத்தின் பேச்சை எடுத்தால் மட்டும் அம்மா எழுந்து போய்விடுவார். இத்தனை ஊரில் வைத்த எந்தக் கண்காட்சிக்கும் அவர் வந்ததில்லை. சென்னையில் பெரிய இடத்தில் தனிக் கண்காட்சி கேட்டு வந்தபோது, முதலில் தங்கச்சிமடத்தில்தான் என்று ஸ்டெல்லா பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். பெங்களூர்க்காரரிடம் கெஞ்சி இந்தப் படத்தை இரவல் வாங்கிவந்திருக்கிறார். வீட்டுக்கும் இந்த ஐஸ் பிளான்டுக்கும் நடை தூரம்தான். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தாகிவிட்டது. அம்மா வரவில்லை.

சனிக்கிழமை விடியலில் அந்தோணியம்மாள் பாம்பனுக்குக் கிளம்பும்போது நானும் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். கரையில் மஞ்சள் வெளிச்சத்தில் வலைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். செதில்கள் காற்றில் பறந்து மின்னின. ஏலம் முடிந்து, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தோம். என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அதப் பாத்தியா?"

"பார்த்தேனுங்க."

"எப்பிடி இருக்காக?"

"கூலிங்கிளாஸ் போட்டிருக்காருங்க" என்றேன்.

டீ சிந்தும்படி சிரித்தார். "அது கோயில் திருநாளுக்குப் போட்டோ புடிக்கும்போது ஸ்டுடியோக்காரன் குடுத்தது. கழட்ட மாட்டேன்னு அடம் புடிச்சாக." பிறகு சிந்திய டீயை முந்தானையால் துடைத்தார். "பேப்பர்ல கருப்பு வெள்ளையா இருந்துச்சு. பின்னால கடலு என்ன கலரு?"

"ரோஸுங்க."

"ரோஸா?" என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று மத்தியானம் நான் தனுஷ்கோடி போய்வந்தேன். மணலும் நீலமுமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனம் முழுக்க அந்தச் சின்ன அறையிலேயே கிடந்தது.

ஞாயிறு, கடைசி நாள். இராமநாதபுரத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண்களுக்கு ஸ்டெல்லா குடங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணி இருக்கும். வாசலில் அந்தோணியம்மாள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. அவர் யாரையும் பார்க்காமல், குடங்களையும் மீன்களையும் மாதாவையும் தாண்டி, நேராக ஐஸ் அறைக்குள் போனார். ஸ்டெல்லா பின்னால் ஓடினார். நான் கதவோரம் நின்றேன்.

அந்தோணியம்மாள் படத்தை ஒட்டிப் போய் நின்றார். "மூக்கு சரியா வந்திருக்கு" என்றார் அம்மா. பிறகு படத்தின் கீழே குனிந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். இப்படிப்பட்ட பேனர்களில் 'தோற்றம்' என்று பிறந்த தேதியும் 'மறைவு' என்று இறந்த தேதியும் போடுவார்கள் அல்லவா, அந்த இடம். தோற்றத்துக்கு நேரே தேதி இருந்தது. மறைவுக்கு நேரே ஒன்றுமே இல்லை. வெறும் ரோஸ் நிறம். வெள்ளிக்கிழமை என் கண் முகத்திலேயே நின்றுவிட்டதால் நானும் அதைக் கவனிக்கவில்லை.

"இங்கன எழுத விட்டுப்போச்சா?"

"விடலம்மா. எனக்கும் தெரியாதுல்ல. என்னன்னு எழுதுவேன்?"

"பேப்பர்ல இது இல்லயே."

"கீழ வெட்டிட்டுப் போட்டுட்டாக."

"ஏன்டி இம்புட்டு நாளா சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட? வாயத் தெறந்தாலே எந்திரிச்சுப் போயிருவ."

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வெற்றிடத்தை இன்னொரு கையால் தடவினார். மியூசியமாக இருந்தால் காவலாளி ஓடிவந்திருப்பார். "எழுதிராத" என்றார். "மாட்டேன்" என்றார் ஸ்டெல்லா. அப்போதுதான் இருவரும் அழுதார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சாயங்காலம் மூடும்வரை அந்தோணியம்மாள் அந்த அறையை விட்டு நகரவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், "இவுகதான் எங்க வீட்டுக்காரவுக, பேரு சூசை. நல்லா விசிலடிப்பாக. வெங்காயம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண்கள் தரையிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். ஸ்டெல்லா வாசற்படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது பத்து குறைந்தது போல இருந்தது முகம். எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அந்த ஆளைத் தெரிந்தவர் பேசி நான் கேட்டது அதிர்ஷ்டம்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இராமேஸ்வரம் போகும் பஸ்கள் தங்கச்சிமடத்தில் நிற்கும். அங்கிருந்து கோயில் சுமார் பத்து கிலோமீட்டர். தங்கும் விடுதிகள் அங்கேதான் அதிகம், விடுமுறை நாளென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். தனுஷ்கோடிக்குப் பகலிலேயே போய்த் திரும்புங்கள், சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பாம்பன் கரையில் மீன் பிரிக்கும் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். கண்காட்சி முடிந்துவிட்டது, அடுத்து சென்னைக்குப் போகிறது. ஐஸ் பிளான்டின் வெளிச்சுவரில் மட்டும் ஸ்டெல்லா நேரடியாக வரைந்த ஒரு அலை இருக்கிறது. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

திங்கள் காலை நான் கிளம்பும் நேரத்தில் படங்களை மரப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 'அய்யா' மட்டும் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். துணி சுற்றுவதை அந்தோணியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளு வீட்ல இத எங்கன மாட்டியிருக்காரு?"

"ஹால்லம்மா. வாசலுக்கு நேரா" என்றார் ஸ்டெல்லா.

"வாசல்ல இருந்து கடல் தெரியுமா?"

"பெங்களூர்ல ஏதும்மா கடலு?"

அம்மா துணியின் முனையைத் தானே இழுத்து முடிச்சுப் போட்டார்.

"சரி. வாசலப் பாத்து இருந்தாச் சரி. கெளம்பி வரணும்ல."