சத்தம் விழாத கேமரா

எங்கள் அப்பா எதையும் இரண்டாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டார். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கியபோதும் அப்படித்தான், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அப்படித்தான். அதனால் அத்தையை வீடியோ எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆனபோது, வில்லியனூருக்கு மேற்கே இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடியோ கேமராக்கள் வந்து உட்கார்ந்திருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. செல்போனில் வீடியோ எடுத்தால் ஆள் யாரென்றே தெரியாமல் கட்டம் கட்டமாக விழுந்த காலம் அது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். தூரத்து உறவு ஒன்றின் மூலம் அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறிப் பல காலம் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால், பையனுக்கு என்ன வேலை என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அப்பாவுக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் கொஞ்சம் விவரமானவர். போட்டோவை நம்ப முடியாது, பெண் நடப்பதும் பேசுவதும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

மேசைமேல் இருந்த கேமராக்களில் ஒன்று மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பியுடையது. சின்ன கேசட் போட்டு எடுக்கிற ரகம். இன்னொன்று வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் இரவல் கொடுத்தது. அது உள்ளங்கை அளவு டிஸ்க்கில் பதியும். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டையும் தொட எனக்கு அனுமதி இருந்தது. காரணம், பெரியவர்கள் ஒருவருக்கும் மெனுவுக்குள் போய்த் திரும்பி வரத் தெரியவில்லை.

காலை முழுக்கச் சோதனை நடந்தது. மாட்டை எடுத்தோம், டிராக்டரை எடுத்தோம், தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவை எடுத்தோம். எடுத்ததை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை மாட்டி டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர் கேமராவில் நிறம் தூக்கலாக வந்தது. அம்மாவின் பழைய நைட்டிகூடப் புதுசு மாதிரி இருந்தது. டிஸ்க்கை எடுத்து நேராக டி.வி.டி. பிளேயரில் போட்டுவிடலாம், கேசட்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச்சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எடுத்து முடித்ததும் மெனுவில் போய் டிஸ்க்கை மூடாவிட்டால் வேறு எந்த பிளேயரிலும் அது ஓடாது. பேட்டரி சீக்கிரம் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை சத்தம். டிஸ்க் சுற்றுகிற ‘கர்ர்’ என்ற இரைச்சல் ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே பதிந்தது. கேமராவைப் பிடித்திருப்பவர் மூச்சு விடுவது கேட்டது, எதிரே நிற்பவர் பேசுவது கேட்கவில்லை.

மாமாவின் கேமரா நேர் எதிர். வீட்டுக்குள் எடுத்தால் படம் மங்கி, மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். முகம் இருக்கிற நிறத்தைவிட ஒரு சுற்றுக் கறுப்பாகத் தெரியும். ஆனால் அதில் சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் ஒன்றைச் செருகலாம். செருகிவிட்டால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அம்மா அடுப்படியில் யாரையோ திட்டியது அதில் சுத்தமாக விழுந்திருந்தது. யாரை என்று அப்பா கேட்கவில்லை.

கடைசியாக அத்தையை வாசலில் நிற்கவைத்து, பெயரும் படிப்பும் சொல்லச்சொல்லி இரண்டிலும் எடுத்தோம். கடைக்காரர் கேமராவில் அத்தை பளிச்சென்று இருந்தாள், வாய் மட்டும் அசைந்தது. மாமாவின் கேமராவில் ஒரு சொல் விடாமல் கேட்டது. “எ... எ... எம் பேரு” என்று ஆரம்பித்து, ஊர்ப் பெயரில் நின்று, படிப்பில் இன்னும் கொஞ்சம் நின்று, சொல்லி முடித்தாள். அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஒயரைப் பிடுங்கினார்.

“கடைக்காரன்துலயே எடுத்துடலாம்” என்றார்.

“அதுல இன்னா பேசறாங்கனே தெரியலயே” என்றார் மாமா.

“படம் நல்லா இருக்குதுல்ல? அது போதும்.”

அம்மா தோசைத் திருப்பியோடு வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள். அத்தை மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அத்தைக்குப் பேச்சு திக்கும். இதை இப்போது எழுதும்போதுதான் இவ்வளவு நேராகச் சொல்ல முடிகிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அது. சிலர் வேகமாக நடப்பார்கள், சிலர் மெதுவாக நடப்பார்கள் என்கிற மாதிரி, அத்தை நின்று நின்று பேசுவாள் என்று நினைத்திருந்தேன். அவளுடைய வார்த்தை எங்கே நின்றாலும் வீட்டில் யாராவது ஒருவர் அதை முடித்துவைத்துவிடுவார்கள். அப்பாதான் எல்லோருக்கும் முந்தி. அவள் “தண்...” என்றால் சொம்போடு நிற்பார். தங்கைமேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதனால், சத்தம் விழாத கேமராவை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் புரியவில்லை. இரண்டாக வைத்துப் பார்த்து மட்டமானதை எடுக்கிற மனிதர் இல்லை அவர்.

அடுத்த ஞாயிறு வீடியோ எடுத்தோம். அத்தைக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. இடம் மட்டும் அப்பா முடிவு செய்தது. பின்னணியில் கரும்பு தெரிந்தால் சொத்துபத்து உள்ள குடும்பம் என்று தெரியும் என்று சொல்லி, எல்லோரையும் கரும்புக்கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. கேமராவின் இரைச்சல் வேறு. நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தப் பார்த்தேன்.

“ஏய், கைய எடுடி! ஓடட்டும் வுடு” என்று அப்பா கத்தினார்.

அத்தையை நடக்கச் சொன்னார், தொட்டியோரம் உட்காரச் சொன்னார், ஸ்கூட்டரில் ஒரு சுற்று வரச் சொன்னார். கடைசியில் கேமராவுக்கு நேரே நின்று பேசச் சொன்னார்.

“இன்னா பே... பேசறது?” என்றாள் அத்தை.

“எதுனா சொல்லும்மா. வாய அசச்சா போதும்.”

அத்தை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு வாயை அசைத்தாள். என்ன சொன்னாள் என்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். நான் டிஸ்க்கை மூடிக் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டியில் போட்டு, மாமாதான் டவுனுக்குப் போய் கூரியரில் சேர்க்க வேண்டும் என்று அலமாரியில் வைத்தார்.

அந்த வாரம் நடுவில் அத்தைக்கு ஒரு நாள் லீவு வந்தது. எனக்கும் பள்ளி இல்லை. அப்பா கரும்பு வெட்டுகிற ஆட்களோடு போயிருந்தார். அத்தை என்னைக் கூப்பிட்டாள். மாமாவிடம் அவள் என்ன சொல்லி வாங்கினாளோ தெரியாது, கேசட் கேமரா அவள் கையில் இருந்தது. இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். அன்றைக்கு அவள் பட்டுக் கட்டவில்லை. வேலைக்குப் போட்டுப்போகிற சுடிதார்தான். துப்பட்டாவில் மைக்கைக் குத்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“நா... நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாத. நீ ப... பேசவும் கூடாது” என்றாள்.

நான் பொத்தானை அழுத்தினேன். சிவப்புப் புள்ளி எரிந்தது. அத்தை தன் பெயரைச் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், கம்பெனியில் தன் லைனில் என்ன வேலை நடக்கும் என்பதைச் சொன்னாள். வார்த்தைகள் நின்றன, திரும்ப ஆரம்பித்தன. அவள் அவசரப்படவில்லை. ஓர் இடத்தில் ஒரு வார்த்தை வரவே மறுத்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடியது. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடியபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வார்த்தை ‘திக்கும்’ என்பது.

“எனக்குப் பேச்சு தி... திக்கும். சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். லேட்டாவும், ஆனா சொல்ல வந்தத சொ... சொல்லிடுவன். நடுவுல யாரும் முடிச்சு வெக்கக் கூடாது. அதான் எனக்கு வேணும். உங்களுக்கு ச... சம்மதம்னா சொல்லுங்க.”

அப்புறம் “போதும்” என்றாள். அந்தச் சொல் மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது.

மாமா அந்தக் கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து டிஸ்க்காக மாற்றிக்கொண்டு வந்தார். கூரியரில் போனது அதுதான். கரும்புக்கொல்லையில் எடுத்தது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் பிரான்சிலிருந்து போன் வந்தது. எங்கள் வீட்டுக்குள் டவர் எடுக்காது. அப்பா வாசலுக்கு ஓடிவந்து, சரியாகக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் சுற்றி நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா நலம் விசாரித்தார். அங்கே குளிர் என்றார்.

“வீடியோ வந்திச்சி தம்பி. பொண்ணு பேசனத முழுசா கேட்டோம்.”

“கேட்டீங்களா?” என்றார் அப்பா.

“எல்லாரும் உக்காந்து கேட்டோம். மனசுல ஒண்ணும் வெச்சிக்காம சொல்லியிருக்குது. ஆனா தம்பி, இங்க வந்தா புது பாஷை கத்துக்கணும், ஆபீசு ஆபீசா ஏறி அதுவே பேசணும். எங்க பையனுக்கு அவ்ளோ பொறும கெடையாது. பெத்தவளே சொல்றன். வேற எடம் பாருங்க.”

அப்பா “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் போனை வைத்த பிறகும் ஒரு தடவை சொன்னார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா செருப்பைத் தேடத் தொடங்கினார்.

“அவர இன்னாத்துக்கு பாக்கற? நா... நான்தான் அனுப்பச் சொன்னன்” என்றாள் அத்தை.

அப்பா கோபத்தில் கையை ஓங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஓங்கவில்லை. வாசலில் இருந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் உடைந்துபோயிருந்தது.

“உனக்காகத்தான செஞ்சன். கல்யாணம் ஆயி அங்க போயிட்டா அப்பறம் எல்லாம் தானா சரியாயிருக்கும்ல?”

“எப்பிடி சரியாவும்? அவங்க கேக்காமயே ச... சரின்னு சொல்லியிருந்தா, அங்க போயி நான் ஊ... ஊ...”

“ஊர நெனச்சிக்கினு அழுவியா?” என்றார் அப்பா அவசரமாக.

“அது இல்ல.” அத்தை மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஊ... ஊமையா இருக்கணும். ஆயுசுக்கும்.”

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. அத்தையோடு அவர் பேச ஆரம்பிக்கப் பல நாள் ஆனது. பேச ஆரம்பித்த பிறகும் அவள் வார்த்தையை முடித்துவைக்கிற பழக்கத்தை அவரால் முழுதாக விட முடியவில்லை. நடுவில் நாக்கைக் கடித்துக்கொள்வார், அவ்வளவுதான். பின்னால் அத்தைக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தார். அவர் நேரில் வந்து, அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு, சம்மதம் சொன்னார். வீடியோ எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது போன் வந்த அன்று சாயங்காலம். வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. அத்தை அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் மாடிக்குப் போனேன். அவள் மாமாவின் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுத் திரையைத் திறந்து, நான் எடுத்ததை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள். முகத்தில் அழுததற்கான அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு தட்டில் வேர்க்கடலை இருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தையின் தலைக்கு மேல் பாதித் தண்ணீர்த் தொட்டி வந்திருந்தது, ஒரு பக்கத் தோள் காணவில்லை. இவ்வளவு கோணலாக இருந்தால் யார்தான் சம்மதிப்பார்கள்?

“படம் கோணலா வந்துடுச்சி அத்த. இன்னொரு தபா எடுத்து அனுப்பலாமா? இந்த தடவ நேரா புடிக்கறன்” என்றேன்.

அவள் என் வாயில் இரண்டு கடலையைத் திணித்தாள். “நல்லாத்தான் வந்திருக்குது” என்றாள்.

எங்கே நன்றாக வந்திருக்கிறது? நான் திரையைக் காட்டி, தோள் வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தொட்டு விளக்கினேன். அத்தை தலையாட்டினாள், கேசட்டைப் பின்னால் ஓட்டினாள், சத்தத்தை இன்னும் ஒரு படி கூட்டினாள். கேமராவைக் காதோரம் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி எப்படி வீடியோ பார்க்க முடியும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.