பம்பாய்க்கு நாலு மணி நேரம்

பீளமேட்டு விமான நிலையத்தில் கோடிச் சேலையோடு நிற்கிறேன். பம்பாயில் என் தங்கை காலையில் இறந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அதற்குமுன் பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன் நான் போர்த்த வேண்டும். நாலாம் வகுப்பு தாண்டாமலே இரும்பு வார்க்கும் பவுண்டரி இரண்டு கட்டினவன் நான். நான் போய் நின்ற இடத்தில் எந்தக் காரியமும் தடைப்பட்டதில்லை.

"ஏனுங்க, பம்பாய் எத்தனை தூரமுங்க?" என்று சீட்டுக் கொடுப்பவரைக் கேட்கிறேன்.

"அறுநூறு மைலுங்க. பறந்தா நாலு மணி நேரந்தானுங்க. ஆனா இன்னைக்கு ப்ளேன் இல்லீங்களே, நாளைக்குத்தானுங்க."

"மொத்த ப்ளேனுக்கும் நானே காசு குடுக்கறனுங்க!"

"ப்ளேனே பம்பாயிலதானுங்க நிக்குது."

ஓடுபாதை வெறிச்சென்று கிடக்கிறது. அங்கிருந்தே தங்கை புருஷனுக்கு டிரங்கால் போடுகிறேன்.

"மாப்ளெ, அங்க நம்ம ஊர்க்காரரு யாராச்சும் இருந்தா, அவரையே அண்ணனா நின்னு ஒரு கோடி போர்த்தச் சொல்லுங்க."